வெள்ளிக்கோட்டுப் பட்டாம்பூச்சியைப் பார்த்தவர் பொன்மணி

பொன்மணி இறந்துவிட்ட செய்தி கம்பெனி பஸ்ஸில் இருந்தபோது வந்தது. ஜூஜூவாடி தாண்டி வண்டி நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. நம் ஞாயிறு நடைக் குழுவின் வாட்ஸ்அப்பில் யாரோ அவர் படத்தைப் போட்டிருந்தார்கள். கீழே எனக்கு ஒரு வேண்டுகோள்: ‘அவங்கள நல்லாத் தெரிஞ்சவர் நீங்கதான் சார். நீங்களே ஒரு அஞ்சலி எழுதிக் கொடுங்க.’ அதற்கும் கீழே இன்னொருவர், ‘சார் அந்தப் பட்டாம்பூச்சியைக் கண்டுபிடிச்சப்போ கூடவே இருந்தவங்க’ என்று எழுதியிருந்தார். போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இந்த அஞ்சலி இத்தனை தாமதமாக வருவதற்கு அந்த ஒரு வரிதான் காரணம்.

பொன்மணி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். எங்கள் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருந்தார். நான் ஊத்தங்கரைக்காரன், ஸ்டோர்ஸில் வேலை. ஏறக்குறைய ஒரே வயது. கேன்டீனில் ஒரு நாள் என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த கும்பிடுபூச்சியைத் தட்டிவிடப் போனேன். “தட்டாதிய சார், தானா எறங்கும்” என்றார். அது இறங்கும்வரை இருவரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். அடுத்த ஞாயிறே அவரோடு பட்டாம்பூச்சி பார்க்க நடக்கக் கிளம்பிவிட்டேன்.

மாசி, பங்குனியில் வேப்பனப்பள்ளிப் பக்கம் போவோம். ஒருமுறை மாந்தோப்புக்காரர் ஒருவர் எங்களைப் புரோக்கர்கள் என்று நினைத்துவிட்டார். “நெலம் பாக்க வந்தீங்களா? இது விக்கறதுக்கு இல்லைங்க” என்று வழி மறித்தார். “நெலம் வேண்டாம்ணே. வேலியோரத்துத் தும்பைய மட்டும் வெட்டாம விட்டுருங்க, அது போதும்” என்றார் பொன்மணி. தோப்புக்காரர் மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். ஆனால் தும்பையை வெட்டவில்லை. அடுத்த வருடமும் அங்கே பூத்திருந்தது.

அவருக்குக் கோபம் வரும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தொடக்கத்தில் ஒருநாள், தூரத்தில் பறந்துபோன பட்டாம்பூச்சி ஒன்றை எலுமிச்சை அழகி என்று ஊகித்துப் பட்டியலில் எழுதினேன். பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். “பாக்காததப் பாத்ததா எழுதக் கூடாது சார். ஒண்ணு பொய்யின்னா, எழுதின மத்ததயும் யாரும் நம்ப மாட்டாங்கல்லா.” குவாலிட்டி பிரிவில் ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பும்போதும் அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

இனி அந்தப் பட்டாம்பூச்சி பற்றி. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. இறக்கையின் அடியில் வெள்ளிக் கோடுகள் ஓடும். நம் மாவட்டத்தில் அதற்கு முன் யாரும் பதிவு செய்யாதது. அதை நான் கண்டுபிடித்ததாகத்தான் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அது பொய். ஒரு புதரின் எதிரில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து அதைப் பார்த்தவர் பொன்மணி. நான் பாறை நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் கைகாட்டி அழைத்த பிறகு போய்ப் போனில் படம் எடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

படத்தை என் பெயரில் இணையத்தில் ஏற்றினேன். முதலில் பார்த்தது யார் என்று கேட்ட இடத்திலும் என் பெயரையே போட்டேன். செய்தித்தாளில் வந்தது. கம்பெனி ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். பொன்மணி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

மறுநாள் கேன்டீனில் என்னிடம் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். “போட்டோ நல்லா வந்திருக்கு சார். எந்தச் செடியில இருந்துச்சுன்னு எழுதலியே? தேடி வாரவங்களுக்கு உதவும்லா” என்றார். எந்தச் செடி என்று எனக்குத் தெரியவில்லை. போன் திரையைத் தவிர நான் எதையும் பார்த்திருக்கவில்லை. அவரிடமே கேட்டேன். “இலந்தை. தண்டு பூரா எறும்பு ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதையும் எழுதிருங்க.” அதையும் என் பெயரிலேயே எழுதினேன்.

அதற்குப் பிறகு அவரோடு நடக்க முடியவில்லை. சனிக்கிழமைதோறும் போன் செய்வார்: “நாளைக்கு வாரியளா சார்?” ஓவர்டைம் என்பேன். சில மாதங்களில் அழைப்பு நின்றது. அவர் நோயில் விழுந்தது தெரிந்தும் போய்ப் பார்க்கவில்லை.

சாவு வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் சுடலைமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “அந்த வெள்ளிக்கோட்டுப் பூச்சிய நீங்கதான் கண்டுபிடிச்சியளாமே?”

பொன்மணியின் உடல் உள்ளே கிடந்தது. நான், “ஆமாங்க” என்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மறுபடி போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சொன்னார்: “பாத்த அன்னிக்கே வீட்டுக்கு வந்து, நான்தான் பாத்தேன்னு குதிச்சா சார். பேப்பர்ல வந்த பொறவு, இல்ல, அவருதான் பாத்தாருன்னு மாத்திச் சொன்னா. நான் ஏன்னு கேக்கல. நீங்க என்ன சொல்லுவியன்னு பாக்கத்தான் அன்னிக்குக் கேட்டேன்.”

உட்காரச் சொன்னார். காபி கொடுத்தார். குடித்துவிட்டுத்தான் வந்தேன். திட்டியிருந்தால் எழுந்து வருவது சுலபமாக இருந்திருக்கும்.

பதிவில் என் பெயரை எடுத்துவிட்டுப் பொன்மணி பெயரைப் போடும்படி எழுதிவிட்டேன். செய்தித்தாளுக்கும் எழுதியிருக்கிறேன். நண்பர்களே, இனி அந்தப் பட்டாம்பூச்சியைப் பற்றி யாரிடம் பேசினாலும் பார்த்தவர் பொன்மணி என்று சொல்லுங்கள்.

என்னிடம் மிஞ்சியிருப்பது, ஆஸ்பத்திரியிலிருந்து அவர் அனுப்பிய ஒரு குரல் பதிவு மட்டும். மூச்சு வாங்கப் பேசுகிறார்: “சார், ஜன்னலுக்கு வெளிய எருக்கஞ்செடி ஒண்ணு நிக்கி. அதுல ஒரு புழு கூடு கட்டிருக்கு. ரெண்டு மூணு நாள்ல வெளிய வந்துரும். அதுக்குள்ள வந்தியன்னா பாக்கலாம்.”

நான் போகவில்லை. அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.