கலங்கல் போவுது

தொண்டூர் அனந்தநாதன் செஞ்சியில் ஏரிகளைப் பார்க்கும் ஓவர்சியர். கரையைக் கண்ணாலேயே எடை போட்டுவிடுவார் என்று பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் 1963இல், வெளி மாவட்ட அதிகாரிகளுக்கு ஏரிக்கரைப் பாதுகாப்புப் பயிற்சி தரும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். அவர் டைரிக்குள் இரண்டு வருஷமாகக் கிடந்த துண்டுச்சீட்டு அவர்களுக்குத் தெரியாது.

அறுபத்தொன்றாம் வருஷ ஐப்பசி மழையில், கரைக்காவலாளி பச்சைமுத்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய சீட்டு அது. ஆளில்லாத ஆபீஸ் மேசையில் கண்டக்டர் அதை வைத்துவிட்டுப் போயிருந்தார். "ஐயா, கலங்கல் போவுது. ஒடனே வரணும்."

நிரம்பிய ஏரி வழிந்தோடும் இடத்துக்கும் கலங்கல் என்றுதான் பெயர். அது வழிந்தால் ஊரார் ஆடு வெட்டிப் படைப்பார்கள், அதிகாரியையும் அழைப்பார்கள். அனந்தநாதன் ஜைனர். ரத்தம் சிந்தும் இடத்தில் நமக்கென்ன வேலை என்று சீட்டை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். பச்சைமுத்து எழுதியதோ, கரையடியில் கசியும் நீர் சேறாய்க் கலங்கி வருகிறது என்று. சாயங்காலம் கரை உடைந்தது. நடவு வயலில் நின்ற நாகம்மாள் மறுநாள் பிணமாகத்தான் கிடைத்தாள்.

"எனக்குச் சேதி வரல," என்றார் அனந்தநாதன் விசாரணையில். பச்சைமுத்துவின் வேலை போயிற்று. ஓவர்சியர் பிள்ளைகுட்டிக்காரர், பாவம் என்று இரக்கப்படலாம்தான். பச்சைமுத்துவுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

பயிற்சியின் மூன்றாம் நாள், அதே கரையில் நின்று பாடம் சொன்னார். "கசிவு தெளிஞ்சி வந்தா பரவாயில்ல. கலங்கி வந்தா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம். ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது."

"இங்க ஒடைஞ்சப்போ காவலாளி இதைக் கவனிக்கலையா சார்?" என்றார் ஓர் அதிகாரி.

பச்சைமுத்து இப்போது தினக்கூலி. அதிகாரிகளுக்குக் குடிதண்ணீர் சுமந்து வந்தவன் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவை அனந்தநாதனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வேலை போகும் என்று தெரிந்தேதான் டைரியைத் திறந்தார்.

"கவனிச்சான். எழுதியும் அனுப்பினான். ஏரி வழியுதுன்னு நான் தப்பா படிச்சேன். அப்பறம் பொய் சொன்னேன்."

சீட்டை எடுத்து அவனிடம் நீட்டினார். பச்சைமுத்து குடத்தை இறக்கி வைத்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கினான். தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தான்.

"அப்போ வந்து சேந்துதா ஐயா?" என்றான். "வழியில தொலைஞ்சிட்டுதுன்னு இருந்தேன். நானே ஓடியாந்திருந்தா நாகம்மா பொழச்சிருக்குமேன்னு ரெண்டு வருசமா தூங்கல."

அனந்தநாதன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.