என் இரத்தம் செய்தது

ஆறாம் மாதம் திருகோணமலைக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். டொக்டர் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றிலிருந்த பிள்ளையின் இதயம் மிக மெதுவாகத் துடித்தது. பிறகு என் இரத்தத்தைச் சோதித்தார்கள்.

"கிருமியோட சண்டைபிடிக்க வேண்டிய எதிர்ப்பொருள் உங்கட உடம்பையே பகையா நினைச்சிட்டுது. அது நஞ்சுக்கொடியால போய்ப் பிள்ளையின்ர இதயத்தைத் தாக்கியிருக்கு. இதில உங்களில ஒரு பிழையும் இல்லை" என்றார் டொக்டர்.

வெயில் பட்டால் என் முகம் சிவக்கும். அதைவிட வேறு நோய், வருத்தம் எதையும் நான் உணர்ந்ததில்லை.

மகள் பிறந்த அன்றே இறந்துபோனாள். சம்பூரில் அடக்கம் செய்தோம்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் மாமி, "இவளின்ர ரத்தம்தான் பிள்ளையைத் திண்டது" என்றார்.

அதிகம் பேசாத என் கணவர் கதிரையை விட்டு எழுந்தார். "அந்த ரத்தத்திலதான், அம்மா, என்ர பிள்ளை வளந்தவள்" என்றார். மாமி பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

இப்போது மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறேன். டொக்டர் தந்த குளிசையைத் தவறாமல் விழுங்குகிறேன். என்னில் பிழை இல்லை என்பதை அநேகமான நாட்களில் நம்புகிறேன். ஸ்கேன் எடுக்கப் போகும் நாட்களில் மட்டும் நம்ப முடிவதில்லை.