விரலில் தொண்ணூற்றெட்டு

மனிதன் நெஞ்சால் மூச்சு விடுகிறான் என்றுதான் ஐம்பத்திரண்டு வயது வரை நம்பியிருந்தேன். நெஞ்சு ஏறி இறங்கினால் ஆள் இருக்கிறான். விரலில் மாட்டி ரத்தத்து ஒட்சிசனை அளக்கும் மெசின் தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்டினால் ஆள் சுகம். அந்த மெசினைக் கொரோனாக் காலத்தில் வாங்கினேன். வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. வாங்கிய குற்றத்துக்காக நாளுக்கு இரண்டு தடவை என் விரலையே அளந்தேன். தும்மினால் மூன்று.

என் தம்பி கடலில் சங்குக்கு மூழ்குகிறவன். கரையில் பெற்றோல் கொம்பிறசர் போட்டு அவனுடைய சிலிண்டர்களில் காற்று அடைப்பது நான். பிறகு படகில் இருந்து அவன் விடும் குமிழிகளைப் பார்ப்பதும் நான். யந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பில் சீலைத்துண்டு கட்டியிருப்போம். காற்றை உறிஞ்சும் குழாய் காற்று வரும் பக்கம் இருக்கவேண்டும், புகைக்குழாய் மற்றப் பக்கம். சீலை திரும்பினால் யந்திரத்தையும் திருப்பவேண்டும். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

அன்று மேற்கிலிருந்து கச்சான் காற்று. முதல் சிலிண்டர் நிறைந்தது. இரண்டாவது நிறையும்போது, கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த இருவருக்குக் கதை சொன்னேன். கந்தளாய்க் குளக்கட்டில் அட்டை கடித்ததற்கு, சாகப்போகிறேன் என்று மனைவிக்குப் போன் எடுத்து வீட்டுச் சாமானையெல்லாம் நான் பங்கிட்ட கதை. தம்பி அதை ஐம்பது தடவை கேட்டவன். அன்றும் சிரித்தான்.

இரண்டாவது சிலிண்டரோடு இறங்கியவன் வழக்கத்துக்கு முந்தியே மேலே வந்துவிட்டான். குமிழிகள் ஒழுங்காகத்தான் வந்தன. படகில் ஏறி, குடித்ததெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தான்.

"அண்ணே, தலை இடிக்குது. கால் ரெண்டும் என்ர கால் மாதிரி இல்ல."

பதற்றத்தில் சட்டைப்பையிலிருந்த மெசினை என் விரலில் மாட்டிப் பார்த்தேன்: தொண்ணூற்றேழு. பிறகு அவனுக்கு: தொண்ணூற்றெட்டு. எனக்கு உயிர் வந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது. படிக்கிற காலத்திலும் அவனுக்குத்தான் கூடுதல் மாக்ஸ். "தொண்ணூற்றெட்டு எடுத்தவன் பெயிலாகமாட்டான், படு" என்று சொல்லிக் கரைக்குக் கொண்டுவந்தேன். வெறுந்தேத்தண்ணி கொடுத்தேன். நெஞ்சு ஏறி இறங்கியது. முகம்கூடச் சிவந்து செழிப்பாகத் தெரிந்தது. அரை மணித்தியாலம் பக்கத்திலிருந்து பகிடி விட்டேன். எழுப்பியபோது அவன் எழும்பவில்லை. மூச்சு இருந்தது; ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

தம்பியின் மனைவி உயிரியல் படிப்பிக்கிறவள். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள், விரலில் சோக்குத் தூளோடு. யந்திரப்புகை சிலிண்டருக்குள் போயிருக்கிறது என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் மெசினை நீட்டி, "தொண்ணூற்றெட்டு இருந்தது பிள்ளை" என்றேன்.

"அத்தான், புகைக் காத்து ரத்தத்தில ஒட்சிசன்ர கதிரையில குந்தியிருக்கு. மெசினுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

பிறகு, வகுப்பில் சொல்வதுபோல, என்னைப் பாராமலே சொன்னாள். உடம்பு முழுக்கக் கலங்கள். கலத்துக்குள்ளே இழைமணி என்று ஒன்று. சாப்பிட்டதை ஒட்சிசனோடு சேர்த்து எரித்துச் சக்தி எடுக்கும் இடம் அதுதான். அடுப்பு அங்கே. நெஞ்சு வெறும் வாசல்.

"அடுப்புக்குப் போகேல்ல எண்டா, வாசல் திறந்து என்ன? இண்டைக்குக் காலமை இதைத்தான் படிப்பிச்சுக்கொண்டு நிண்டனான்."

விரலிலிருந்த சோக்குத் தூளைத் தட்டிவிட்டாள்.

"சீலையைப் பாத்தனீங்களா அத்தான்?"

எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பகிடி இருக்கும். பார்க்கவில்லை என்றேன். அவள் மெசினை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வலை பொத்தியவர்களில் ஒருவர் பிறகு சொன்னார்: கதையில் நான் சாமான் பங்கிடுகிற இடத்தில் சீலை திரும்பியதாம். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்ததால் இடையில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

தம்பி மூன்றாம் நாள் காலை இறந்தான்.