ஒற்றைக் கண்ணுக்குப் போட்ட ஊசி

கண் அறுவைப் பயிற்சியில் எனக்கு அது இரண்டாம் வருடம். எழுபதுகளில் தேவாரம் என்ற ஊரில் பள்ளிக்கூடம் ஒன்றில் முகாம் போட்டிருந்தோம். வகுப்பறையைக் கழுவிவிட்டு, இரண்டு மேசைகளில் கண்புரை அறுவை நடந்தது. ஒன்றில் எங்கள் பெரிய டாக்டர், மற்றதில் நான்.

என் மேசைக்கு வந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். சின்ன வயதில் அம்மை வந்து இடது கண் போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் புரை முற்றி, வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. இவருக்கு நீங்களே செய்யுங்களேன் என்று கேட்டேன். "உனக்கு வரும், செய்" என்று சொல்லிவிட்டுப் பெரிய டாக்டர் தன் மேசைக்குத் திரும்பினார்.

மரத்துப்போவதற்காகக் கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டேன். ஊசியை எடுத்ததுமே இமை இறுகியது. கண் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. உள்ளே ரத்தக்குழாய் உடைந்திருந்தது. யார் கைக்கும் எப்போதாவது நேரக்கூடியது என்று படித்திருந்தேன். என் கைக்கு அதுதான் முதல் தடவை.

உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். தேங்கும் ரத்தம் நரம்பை நெரித்துவிட்டால் பார்வை திரும்பாது. கையை எடுத்து டார்ச் அடித்தேன்.

"வெளிச்சம் தெரியுதாம்மா?"

"இல்லையே ஆத்தா. ஒரே இருட்டால்ல இருக்கு."

ஊசி மருந்தாலும் கொஞ்ச நேரம் வெளிச்சம் மறைவதுண்டு. நரம்பு நெரிந்தாலும் மறையும். இது எதனால் என்று புரையைத் தாண்டிப் பார்க்க வழியில்லை. அழுத்துவதும் விடுவதுமாக நின்றேன். பெரிய டாக்டரின் மேசையில் அறுவை பாதியில் ஒரு கண் திறந்து கிடந்தது. அவரால் வர முடியாது. "அழுத்திக்கிட்டே இரு. கத்தியத் தொடாத" என்று தலையைத் தூக்காமல் சொன்னார்.

"கை ஏன் ஆத்தா நடுங்குது?" என்று கேட்டார் அந்த அம்மா.

எனக்குப் பொய் வரவில்லை. "உள்ள ரத்தம் கசிஞ்சிருச்சும்மா. பயமாத்தான் இருக்கு. அசையாம படுங்க."

அவர் என் மேலங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

எவ்வளவு நேரமோ தெரியாது. மறுபடி டார்ச் அடித்தபோது, "சோப்புத் தண்ணி மாதிரி கலங்கலா என்னமோ தெரியுது" என்றார்.

கட்டுப் போட்டுவிட்டு வெளியே போனேன். லாரி ஓட்டும் அவருடைய மகன் வாசலில் நின்றிருந்தார். அறுவை நடக்கவில்லை, ரத்தம் வடிந்த பிறகுதான் செய்ய முடியும் என்றேன்.

"இருந்த ஒரு கண்ணையும் கெடுத்துட்டீகளா?"

அவர் போட்ட சத்தத்தில் நான் இரண்டடி பின்னால் போனேன். "வெளிச்சம் தெரியுது. நாளைக்கும் தெரியணும். அதுக்கு மேல இப்ப என்னால சொல்ல முடியல."

எங்கள் வண்டியிலேயே அவர்களை மதுரையில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். தினமும் காலையில் அந்தக் கட்டைப் பிரித்ததும் முதலில் டார்ச்சைத்தான் அடிப்பேன். வீக்கம் வற்றியதும், பெரிய டாக்டர் என்னையே அறுவை செய்யச் சொன்னார். அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"பெரியவுகளே பண்ணட்டும். அந்தப் பிள்ள பாவம், ரொம்பப் பயப்படுது."

பெரிய டாக்டரே செய்தார், நான் பக்கத்தில் நின்று உதவினேன். அன்றும் என் கண் அந்த இமையை விட்டு நகரவில்லை.

கண்ணாடி மாட்டிய நாளில், "ஊசி போட்ட டாக்டரு யாரு?" என்று அந்த அம்மா தேடினார். முன்னால் போய் நின்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"அடி ஆத்தி! இத்தனூண்டுப் பிள்ளையா? அன்னைக்கே கண்ணு தெரிஞ்சிருந்தா மேசையில ஏறியிருக்கவே மாட்டேனே!"

மகன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே போய்க் குழாயடியில் நெடுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தேன்.