பேர்லின் அண்ணையின் ஜேர்மன்

போன கிழமை லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ரயில் ஏறினேன். பெட்டி முழுக்க ஆட்கள் போனில் சத்தமில்லாமல் படம் பார்க்கிறார்கள், கீழே ஓடும் எழுத்தை வாசித்தபடி. ஊமைப்படக் காலம் திரும்பிவிட்டது என்று சிரிப்பு வந்தது. கூடவே பேர்லின் அண்ணையும் நினைவுக்கு வந்தார்.

எண்பதுகளின் கடைசியில் நோர்பரியில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் அவரும் நானும் இருந்தோம். நான் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் அடிக்கிற சாதாரண ஜீவன். அவரோ லண்டனுக்கு வரும் வழியில் ஜேர்மனியில், பேர்லின் அகதி முகாமில் இருந்தவர். அந்த முகாம் முழுக்கத் தமிழர்தான் என்பதை மட்டும் சொல்லமாட்டார். "ஜேர்மன் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்பார்.

வீட்டுக்காரர் செல்லையா ஐயாவின் மகள் ராணியைக் கட்ட அவருக்கு ஆசை. ஐயாவின் ஒரே நிபந்தனை, மாப்பிள்ளை பொய் சொல்லாதவனாக இருக்கவேண்டும். சீதனம் கொடுக்க மனமில்லாதவர்கள் இப்படி ஏதாவது கொள்கை வைத்திருப்பார்கள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் ஐயா நூலகத்திலிருந்து ஜேர்மன் ஊமைப்பட வீடியோ ஒன்றை எடுத்து வந்தார். "தம்பி, எழுத்து வரேக்க வாசிச்சுச் சொல்லும்" என்றார். ராணி பள்ளிக்கூடத்தில் ஜேர்மன் படித்தவள் என்பது அண்ணைக்குத் தெரியாது.

படத்தில் பணக்காரத் தகப்பன் மகளுக்குக் கை ஓங்கினார். "கவனமாப் போயிட்டு வா எண்டு சொல்லுறார்" என்றார் அண்ணை. மகள் ஆற்றில் குதித்தாள். "குளிக்கிறா." கடைசியில் நாலு பேர் ஒரு பெட்டியைத் தூக்கிப் போக, தகப்பன் அழுதபடி பின்னால் போனார்.

"கலியாணத்துக்குச் சம்மதிச்சிட்டார், ஐயா. சந்தோசத்தில அழுகிறார்."

"அப்ப அந்தப் பெட்டி?"

"சீதனச் சாமான்."

அங்கேயும் சீதனமா என்று நான்கூடக் கவலைப்பட்டேன்.

கோப்பைகளைக் கழுவக் குசினிக்குக் கொண்டு போனால், ஐயா மகளிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறார். "பிள்ளை, அவர் வாசிச்சது சரியோ?"

"ஓம் அப்பா, எல்லாம் சரி." வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்பதுபோல என்னை முறைத்துக்கொண்டே சொன்னாள். ஆவணியில் கலியாணம் நடந்தது.

ஐயா காலமாகிவிட்டார். வீட்டையும் விற்றாயிற்று. போன மாதம் எட்மண்டனில் ஒரு பிறந்தநாள் விழாவில் அண்ணை இளசுகளிடம் தன் ஜேர்மன் பெருமையைத் தொடங்கினார். ராணி கோழிக்கறியிலிருந்து தலை நிமிராமலே, "உங்களுக்கு ஜேர்மன் ஒரு சொல்லும் தெரியாது. எனக்கு அண்டைக்கே தெரியும். நான்தான் அப்பாவுக்குப் பொய் சொன்னனான்" என்றாள்.

இளசுகள் சிரித்தார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு காலமும் தன் கெட்டித்தனத்தால் பெண் எடுத்ததாக நினைத்திருந்த மனிதர். அன்றோடு அவருடைய ஜேர்மன் போய்விட்டது. ராணியின் கைப்பையை வாங்கிக்கொண்டு, கார் வரைக்கும் அந்த ஊமைப்படத் தகப்பனைப்போல அவள் பின்னால் நடந்தார்.