மீனலோசனி எழுதிய காய்ச்சல் கடிதங்கள்

"எழுத நேரமில்லை" என்று தொடங்கித்தான் மீனலோசனி நான்கு பக்கம் எழுதுவாள். மற்றப் பெண்கள் புருஷனுக்குக் கடிதம் எழுதினால் முதல் வரியில் சுகம் விசாரிப்பார்கள். இவளிடம் அந்த வழக்கம் கிடையாது. குசினியில் உலை கொதிக்கிற நேரம் பார்த்துப் பலகைக் கட்டையில் குந்தி, மகளின் பழைய சிலேட்டை மடியில் வைத்து, அதன்மேல் தாளை விரித்துக்கொள்வாள். இடையிடையே எழும்பிச் சோற்றைக் கிளறிவிட்டு வருவாள். அதனால் அவள் எழுதும் எந்தக் கடிதத்திலும் ஒரு கஞ்சித்துளி காய்ந்து கிடக்கும். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இது கண்ணீர் இல்லை, கஞ்சி" என்று பக்கத்தில் எழுதியும் விடுவாள்.

புருஷன் பாலசிங்கத்துக்கு மாத்தளையில் சுருட்டுக்கடை. வருஷத்தில் இரண்டு தரம் ஊருக்கு வருவார். கடையில் நிற்கிற ஐந்து பேரும் சொந்த ஊரான புளியங்கூடலில் அவர்களுடைய அதே ஒழுங்கையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர். ஐம்பத்தேழாம் ஆண்டு ஆனி மாதம், சோழகக் காற்று மணலை வாரி வீசிக்கொண்டிருந்தபோது, உலகமெங்கும் சுற்றுவதாகப் பத்திரிகைகள் எழுதிய அந்தப் புதுக் காய்ச்சல் மாத்தளையிலும் புளியங்கூடலிலும் ஒரே கிழமையில் வந்து இறங்கியது. கடையின் மேல்மாடியில் ஆறு ஆண்களும் வரிசையாகப் பாயில் விழுந்தார்கள். பாலசிங்கம் நடுங்கும் கையெழுத்தில் ஒரு தபாலட்டை போட்டார். ஊரில் என்னென்ன நடக்கிறது என்று ஒன்றும் விடாமல் எழுதவேண்டுமாம்.

மீனலோசனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூத்த மகள் நூற்றிரண்டு டிகிரியில் பிதற்றுகிறாள். இளையவள் மல்லித்தண்ணியைத் துப்புகிறாள். மாடு கத்துகிறது. இவளுக்கே இடுப்பு நாரி முறிகிற உளைவு. இந்த அழகில் ஒன்றும் விடாமல் எழுதுவதா? அன்றைக்கு அவள் எழுதிய கடிதம் இப்படித் தொடங்கியது: "எழுத நேரமில்லை. நீங்கள் படுத்துக்கிடந்து படிக்கலாம். நான் படுத்துக்கிடந்து எழுத ஏலாது."

ஆனால் எழுதினாள். கிணற்றடியில் காலையில் ஒரு சனமும் இல்லை, வாளி காய்ந்து கிடக்கிறது என்று எழுதினாள். பள்ளிக்கூடம் பூட்டு, வாத்தியாருக்கும் வருத்தம், அந்த நல்ல செய்தி கேட்டுத்தான் மூத்தவளுக்குக் காய்ச்சல் ஒரு டிகிரி இறங்கியது என்று எழுதினாள். பஸ் ஒரு நாளைக்கு ஒருதரம்தான் ஓடுகிறது, சாரதி இருமுகிற சத்தம் ஹோர்ன் சத்தத்துக்கு முதலே கேட்கிறது என்றும், காய்ச்சலுக்கு அவிக்கிற வேர்க்கொம்பு சந்தையில் தீர்ந்துபோய், இருக்கிறவர்கள் அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள் என்றும் எழுதினாள். மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி எல்லாருக்கும் ஒரே குளிசைதான் கொடுக்கிறார், நிறம் மட்டும் நாளுக்கு நாள் மாறுகிறது என்பதையும் விடவில்லை.

மாத்தளையில் அன்றன்று எழும்பி நிற்கக்கூடியவன் எவனோ அவன் கடிதத்தை உடைத்து, படுத்திருக்கும் மற்றவர்களுக்கு உரத்துப் படிப்பான். புருஷனுக்கென்று எழுதியதை ஆறு ஆண்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்று அறிந்தபோது மீனலோசனி சிலேட்டைத் தூக்கி மூலையில் போட்டாள். அடுத்த தபாலில் ஐந்து பேரும் தனித்தனியே கேட்டிருந்தார்கள்: எங்கள் வீட்டுப் பக்கம் ஒருக்கால் எட்டிப் பார்த்து எழுத ஏலுமோ அக்கா?

ஏலாது என்று சொல்லத்தான் நினைத்தாள். மறுநாள் காலை சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினாள். ஒவ்வொரு வேலிப் படலையிலும் நின்று குரல் கொடுப்பாள். உள்ளேயிருந்து இருமலும் செய்தியும் கலந்து வரும். கமலாதேவி, ஆடு குட்டி போட்டதை எழுதச் சொல்லி, குட்டி செத்ததை எழுதவேண்டாம் என்பாள். இன்னொருத்தி தனக்குக் காய்ச்சலே இல்லை என்று எழுதச் சொல்லிவிட்டு அப்படியே வாசலில் குந்திவிடுவாள். என்ன எழுதவேண்டும் என்று ஐந்து வீடும் அவளுக்குப் பாடம் எடுத்தன.

எல்லாரையும்விட அவளை அலைக்கழித்தவர் அப்புத்துரையர். கடையில் நிற்கும் இளையதம்பியின் தகப்பன். எழுபது வயது, மனைவி இல்லை, மகனின் மனைவி அம்பிகையின் பராமரிப்பில் இருந்தார். ஊரே படுத்த நேரத்தில் அவர் மட்டும் நிமிர்ந்து படலையில் நிற்பார். "பிள்ளை, எழுது" என்று தொடங்கினால் வெயில் ஏறும்வரை ஓயாது. வெள்ளைப் பசு ஒரு நேரம்தான் கறக்கிறது, பக்கத்து வளவுக்காரன் வேலிக் கதியாலைச் சாணளவு தள்ளி நட்டுவிட்டான், இளையதம்பி நாலு வயதில் தோட்டத்துத் துரவுத் தண்ணீருக்குள் விழுந்து தவளைபோலக் கரையேறினான், ரயிலில் யன்னல் பக்கம் இருக்கக் கூடாது, அங்கே கிடைக்கிற அரிசி மனிதன் தின்கிற அரிசியில்லை. மீனலோசனி ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நிற்பாள். பின்வேலியால் சுற்றிப்போகவும் பார்த்தாள். அங்கேயும் வந்து நின்றார்.

வீட்டுக்கு வந்து அவள் எழுதுவது ஒரே வரி: "அப்புத்துரையர் சுகம். வழமைபோலப் பேச்சு." அந்த மனிதர் சொல்வதையெல்லாம் எழுதினால் கடிதத்துக்கு முத்திரை ஒட்ட ஏலாது, பார்சலாகத்தான் அனுப்பவேண்டும் என்று பாலசிங்கத்துக்கு ஒருதரம் குறிப்பும் எழுதினாள்.

யூலை இரண்டாந் திகதி அப்புத்துரையருக்குக் காய்ச்சல் கண்டது. நாலாந் திகதி விடிய முதல் முடிந்துபோனார்.

அன்றைக்கு ஒழுங்கையில் பாடை தூக்க ஆள் இல்லை. எழும்பக்கூடியவர்கள் நாலு பேர். பறைக்குச் சொல்லி அனுப்பியும் ஒருவரும் வரவில்லை. அங்கேயும் எல்லாரும் பாயில். ஒரே மகன் மாத்தளையில் நெஞ்சு முழுக்கச் சளியுடன் கிடந்தான். ஆறு பேரில் அவனுக்குத்தான் கடுமை, அசையக்கூடாது என்று டாக்குத்தர் சொன்னதாக முந்தின நாள்தான் பாலசிங்கம் எழுதியிருந்தார். அப்புத்துரையரின் தங்கை மகன் கொள்ளி வைத்தான்.

சுடலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு அம்பிகை மீனலோசனியின் குசினி வாசலில் வந்து நின்றாள். தலைமுழுகிய ஈரம் காயவில்லை.

"அக்கா, தந்தி அடிக்க வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். அடிச்சால் அவர் எழும்பி வெளிக்கிட்டிடுவார். ரயிலிலையே முடிஞ்சிடுவார். நீங்கள் வழமைபோல எழுதுங்கோ."

"வழமைபோல எண்டால்?"

"மாமா இருக்கிறமாதிரி."

மீனலோசனிக்கு வாய் நிறையக் கேள்வி வந்தது. கொள்ளி வைக்கவேண்டிய மகனிடம் மறைப்பதா? நாளைக்கு அவன் முகத்தில் விழிப்பது யார்? புருஷனுக்கு மட்டும் தனியே எழுதலாம் என்றால், கடிதத்தை எவன் உடைப்பான் என்று தெரியாது. தலை துடைக்க அம்பிகையிடம் ஒரு துணியை எடுத்துக் கொடுத்தாள். "போய்ப் படும்" என்றாள்.

அடுத்த நாள் சிலேட்டை மடியில் வைத்தபோது பழைய ஒற்றை வரி ஓடி வந்தது. அப்புத்துரையர் சுகம். பேனை அதற்குமேல் போகவில்லை. சாம்பல் அள்ளுகிற காடாத்தி இன்னும் முடியவில்லை; அந்த மனிதரைச் சுகம் என்று எழுதுவதா? எழுதாவிட்டால் இளையதம்பி என்ன, ஏது என்று கேட்பான். செத்தும் இந்த மனிதர் என்னை நிம்மதியாகக் கடிதம் எழுத விடமாட்டார் என்று முணுமுணுத்துக்கொண்டு, அவர் படலையில் நின்று சொன்னவற்றில் தான் எழுதாமல் விட்டதை ஒவ்வொன்றாக நினைவுக்கு இழுத்தாள். வெள்ளைப் பசு வந்தது. கதியால் வந்தது. துரவும் தவளையும் வந்தன. சோறு அடிப்பிடித்தது. அவள் எழும்பவில்லை.

அப்படி மொத்தம் ஆறு கடிதம் எழுதினாள். உயிரோடு இருந்தபோது ஒரு வரிக்குள் அடக்கிய மனிதருக்கு இப்போது ஒரு பக்கம் போதவில்லை. கஞ்சி குடித்தார், இரவு நித்திரை கொண்டார் என்று சேர்க்கும்போது மட்டும் எழுத்து சிறுத்துப்போகும். அம்பிகை ஒவ்வொரு கடிதத்தையும் வாங்கிப் படித்துவிட்டு, மாமா இப்படித்தான் பேசுவார் என்று அழுவாள். இவளுக்கு எரிச்சல் வரும். அழுதால் மை ஊறும் என்று கடிதத்தைப் பறித்துவிடுவாள்.

மருந்து வேலை செய்ததோ கடிதம் வேலை செய்ததோ, இளையதம்பி எழும்பி உட்கார்ந்தான், கஞ்சி கேட்கிறான் என்று பாலசிங்கம் எழுதினார். அந்தத் தபாலிலேயே இளையதம்பி தன் கையால் நாலு வரி எழுதியிருந்தான். அப்பு இவ்வளவு கதைப்பார் என்று தனக்குத் தெரியாதாம். தோட்டத்தை விட்டுவிட்டுக் கடைக்குப் போனதில் இருவருக்கும் பெரிய சண்டை. இரண்டு வருஷமாக நேரே முகம் பார்த்துப் பேசவில்லை. கடைசி வரியில் கேட்டிருந்தான்: "அப்புவுக்கு இன்னும் என்னிலை கோவமோ எண்டு கேட்டு எழுதுங்கோ அக்கா."

மீனலோசனி அந்தக் கடிதத்துடன் கிணற்றடிக்குப் போய் நின்றாள். யாரை ஏசுவது என்று தெரியவில்லை. இரண்டு வருஷம் கேட்காத கேள்வியை, கேட்க ஆள் இல்லாமல் போன பிறகா கேட்பான்? திரும்பி வந்து ஐந்தாவது கடிதத்தில் எழுதினாள்: "கோபமில்லையாம். அப்படிக் கேட்டதுக்குத்தான் கோபமாம்." அச்சொட்டாக அவர் குரல். எழுதி முடித்ததும் தன் கைமேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

யூலை இருபதாந் திகதி பாலசிங்கம் இளையதம்பியைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். படலையிலேயே அம்பிகை சொல்லிவிட்டாள். அவன் உள்ளே போய்த் தகப்பனின் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தவன், இரண்டு நாள் அங்கிருந்து எழும்பவில்லை. அம்பிகை வைத்த சோற்றையும் தொடவில்லை. அந்த இரண்டு நாளும் மீனலோசனி ஒழுங்கைப் பக்கம் போகவில்லை. பாலசிங்கம் ஏதோ ஆறுதல் சொல்லப்போக, ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னதே நீங்கள்தான் என்று அவர்மேல் பாய்ந்தாள்.

மூன்றாம் நாள் அவன் வந்தான். எலும்பும் தோலுமாக, கையில் அந்த ஆறு கடிதங்களும். மீனலோசனி கதிரையைக் காட்டினாள். அவன் நின்றான்.

"அம்பிகையை ஏசவேண்டாம், தம்பி" என்றாள் அவளே முதலில். "எழுதினது நான்."

"நான் ஏச வரயில்லை அக்கா. எட்டுச் செலவும் முடிஞ்சுது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியாவது என்ரை கையாலை செய்யப்போறன்." கடிதங்களை மேசையில் வைத்தான். "இதிலை எது மெய், எது பொய்? அதை மட்டும் சொல்லுங்கோ."

"சொன்னது மெய் தம்பி. சொன்ன நாள்தான் பொய்."

அவனுக்கு விளங்கவில்லை. படலையில் கால் கடுக்க நின்று கேட்டதையும், அலுப்பில் எழுதாமல் விட்டதையும், பிறகு ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி எழுதியதையும் அவள் சொன்னாள். பாடைக்கு ஆள் இல்லாததையும் மறைக்கவில்லை. அவன் கதிரையில் இருந்தான். அவள் மகளின் பென்சிலை எடுத்து முதல் கடிதத்தை விரித்தாள். மேலே இருந்த திகதியை வெட்டினாள். பசு, கதியால், துரவு எல்லாம் அப்படியே கிடந்தன. கஞ்சி குடித்தார் என்பதை வெட்டினாள். நித்திரை கொண்டார் என்பதையும் வெட்டினாள். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. சோழகம் தாள்களைத் தூக்க, அவன் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

ஐந்தாவது கடிதத்தில் அந்த வரி வந்தது. கோபமில்லையாம். அவன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். மீனலோசனி அதைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே கோடாக வெட்டினாள். அவன் முகம் கவிழ்ந்தது.

அவள் பென்சிலை வைக்கவில்லை. அப்புத்துரையர் ஒருநாள், அம்பிகை உள்ளே போய்விட்டாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, படலைக்குமேல் குனிந்து மெதுவாகச் சொன்னதை, வெட்டிய வரிக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதத் தொடங்கினாள்: "பிள்ளை, அவனுக்குத் தோட்டம் சரிவராது. சின்னனிலையிருந்து மெல்லிசுக் கை. கடைதான் அவனுக்குச் சரி." கொஞ்சம் நிறுத்தி, மிச்சத்தையும் எழுதினாள்: "இதை அவனுக்கு எழுதிப்போடாதை." பிறகு தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.