ஏலக்காய் மணத்த கால்தீரியா

எரிகேசி என்னும் தாவரக் குடும்பத்துச் செடிகளைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நான் பிறந்ததென்னவோ போடியில், ஓர் ஏலக்காய்க்காரர் வீட்டில்தான். ஆனாலும் எரிகேசிச் செடி ஒன்றுக்காக ஒரு பெரிய மனிதரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் தாவரவியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவரும் செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, அட்டையில் ஒட்டித் தேர்வுக்குக் கொண்டுபோக வேண்டும். துறை அலமாரியில் இல்லாத செடி வந்தால் அந்த அட்டையைக் கல்லூரியே வைத்துக்கொள்ளும். அட்டையின் மூலையில் ஒரு சீட்டு இருக்கும். அதில் ‘சேகரித்தவர்’ என்று ஒரு வரி, ‘இனம் கண்டவர்’ என்று ஒரு வரி. இரண்டாவது வரி பேராசிரியர்களின் சொத்து. முதல் வரியில் மாணவர் பெயர் வரலாம், ஆனால் அதுவரை ஒரு பெண்ணின் பெயர்கூட வந்ததில்லை. அந்த வரி எனக்கு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

போடிமெட்டுப் பக்கம் எங்களுக்குச் சின்ன ஏலத்தோட்டம் இருந்தது. அங்கிருந்து மூச்சு வாங்க மேலே ஏறினால் சோலைக்காடு முடிந்து புல்வெளி தொடங்கும். அந்த விளிம்பில் என் இடுப்புயரத்துக்கு நின்றது அந்தப் புதர். கோடையிலும் இலை உதிர்க்காத சாதி. இலை தடித்துத் தோல்போல இருந்தது. ஓரத்தில் நுண்ணிய பற்கள், அடிப்புறத்தில் புள்ளி புள்ளியாகச் சுரப்பிகள். இலைக்கக்கத்தில் சரமாக வெள்ளைப் பூக்கள், குட்டிக் கலயங்களைக் கவிழ்த்துத் தொங்கவிட்ட மாதிரி. அதே கிளையில் கருநீலக் காய்கள். இலையைக் கசக்கி முகர்ந்தேன். சுளுக்குக்குத் தேய்க்கும் தைலத்தின் மணம் குப்பென்று ஏறியது. கால்தீரியா! புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த செடி, துறை அலமாரியில் இல்லாதது. தனியாக நின்று சிரித்தேன்.

தோட்டத்துக்குத் திரும்பி, ஒடித்துவந்த கிளையைச் செய்தித்தாள் மடிப்பில் வைத்தேன். மழை மூட்டமாக இருந்ததால் தாள் ஈரம் வாங்கியது. அப்பா எட்டிப் பார்த்தார்.

“இப்படிப் பேப்பர மாத்தி மாத்தி எத்தன நாளைக்கு உக்காந்திருப்ப ஆத்தா? நம்ம ஸ்டோர்ல வையி. நாளைக்கே மொறுமொறுன்னு காஞ்சுரும்.”

ஸ்டோர் என்றால் ஏலக்காயைச் சூடேற்றி உலர்த்தும் அறை. பச்சை மாறாமல் காயவைப்பதில் அப்பாவை மிஞ்ச ஆளில்லை. நானும் சரியென்று ஏலக்காய்த் தட்டுகளுக்கு நடுவே செடியை வைத்தேன். மறுநாள் அவர் சொன்னபடியே காய்ந்திருந்தது, நிறமும் கெடவில்லை. ஏலக்காய்க்காரர் வீட்டு மூக்குக்கு ஏலக்காய் வாசம் தெரியாது. அதனால் நான் என்ன தப்பு செய்திருக்கிறேன் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். அட்டையைத் தூக்கினார், முகர்ந்தார், சிரித்தார்.

“கால்தீரியான்னா காஞ்ச இலையிலகூடத் தைல வாசனை வரணும்மா. இது ஏலக்காய் மணக்குது, பாயசத்துக்குத்தான் ஆகும். இது வாக்சினியம்.”

வாக்சினியமும் எரிகேசிதான், அதே கலயப் பூதான். அலமாரியில் அது ஏற்கெனவே இருந்தது. என் அட்டை குப்பைக்குப் போகும் என்று புரிந்தது. கோபத்தில் கல்லூரித் தமிழ் பறந்துபோய் வீட்டுப் பேச்சு வந்தது.

“மோந்து பாத்து முடிவு பண்ணாதீக சார். அறுத்துப் பாத்துச் சொல்லுங்க.”

பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் துறைத்தலைவர் கண்ணாலேயே என்னை அடக்கப் பார்த்தார். வந்தவர் மட்டும், “எங்க, நீயே அறு” என்றார்.

காய்ந்த காயொன்றையும் பூவொன்றையும் நீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். ஆய்வுக்கூடம் முழுக்க ஏலக்காய் டீ வாசம். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலில் பூவைப் பிரித்தேன். பத்து மகரந்தத் தாள்கள், பைகளின் உச்சியில் கொம்புகள், மகரந்தம் வெளியேறத் துளைகள். “வாக்சினியத்துலயும் துளை உண்டே” என்றார் வந்தவர். உண்டுதான். அடுத்து காயைக் கத்தி முனையில் நிறுத்தினேன்.

“வாக்சினியம்னா சூலகம் பூவுக்குக் கீழ இருக்கும், காய் முழுக்கச் சதை. இதுல பாருங்க சார்.”

நீலச் சதையை உரித்தேன். அது கனியே அல்ல, தடித்துப் பருத்த புல்லிவட்டம். உள்ளே ஐந்து அறைகளோடு உலர்ந்த வெடிகனி ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது. அறை நிறைய பொடி விதைகள்.

அவர் லென்சை வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்து, “அப்ப ஏலக்காய் வாசனை?” என்றார்.

மறைக்க மனம் வரவில்லை. “எங்க ஸ்டோர்ல ஏலக்காயோட காய வச்சோம் சார். சூட்டுல செடியோட வாசனை போயி, ஏலக்காய் வாசனை ஏறிருச்சு.”

“இனிமே அப்படிக் காய வைக்காதே” என்றார். சீட்டை எடுத்து, ஏலக்காயோடு உலர்த்தியதையும் அதில் குறிப்பாக எழுதச் சொன்னார். பிறகு முதல் வரியைக் காட்டினார். என் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“அடுத்த வரியையும் நீயே எழுது. நான் வாக்சினியம்னுதானே சொன்னேன்?”

துறைத்தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வரியிலும் என் பெயரையே எழுதினேன்.